ஒரு வெள்ளிக்கு எத்தனை ரூபாய்?

கத்தரிக்காய்க்காரியிடம் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் நிற்கிறோம். புடவைக் கடையில் முந்தானையைப் பிரித்து, உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "போன வாரம் என் நாத்தனார் இதையே நூறு ரூபாய் குறைச்சலாக வாங்கினாளே!" என்று ஒரு போடு போடுகிறோம். அப்பேர்ப்பட்ட நாம், வெளிநாட்டுப் பிரயாணம் என்று வந்துவிட்டால் மட்டும் கை நிறையப் பணத்தைக் கண்ணாடி ஜன்னலுக்குள் நீட்டுகிறோம். உள்ளே இருப்பவர் எண்ணிக் கொடுத்ததை மறு பேச்சில்லாமல் வாங்கிப் பையில் போட்டுக் கொள்கிறோம். போதாக்குறைக்கு 'தாங்க்ஸ்' வேறு சொல்லிவிட்டு வருகிறோம்! ஏன் என்று கேட்டால், "பணத்துக்கு ஏது பேரம்? அதுதான் பலகையில் போட்டிருக்கிறதே" என்று பதில் வருகிறது.

பணமும் ஒரு கடைச் சரக்குதான், நேயர்களே! அதற்கும் கொள்முதல் விலை உண்டு. விற்பனை விலை உண்டு. கடைக்குக் கடை விலை மாறும். பேருந்து நிலையத்துக் காப்பி போல, அவசரக்காரர்கள் வந்து நிற்கும் இடத்தில் விலை கூடவே இருக்கும். இந்தச் சரக்கு வியாபாரத்தைக் கண்ணாரக் காண ஆசையிருந்தால் என்னோடு சிங்கப்பூர் செரங்கூன் ரோட்டுக்கு வாருங்கள்.

தேக்கா மார்க்கெட் பக்கமாக நுழைந்தால் முதலில் வருவது பூ வாசனை. மல்லிகையும் ரோஜாவும் கதம்பமுமாகத் தொங்கும் பூக்கடைகள். அதைத் தாண்டினால் மசாலா அரைக்கும் நெடி. வீரமாகாளியம்மன் கோயில் மணியோசை, நகைக் கடைகளின் பளபளப்பு, வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளின் அழைப்பு எல்லாவற்றையும் தாண்டி நடந்தால், இரண்டு பெரிய கடைகளுக்கு நடுவே ஒரு பெட்டி அளவில் ஓர் இடம் தென்படும். ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்க இடமில்லை. மேலே மின்சார எழுத்தில் எண்கள் ஓடிக் கொண்டிருக்கும். அமெரிக்கா, இங்கிலாந்து, மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, இந்தியா என்று தேசங்களின் கொடிகள் வரிசையாக நிற்கும். ஐக்கிய நாடுகள் சபையின் கிளை ஆபீஸோ என்று பிரமிக்க வேண்டாம். அதுதான் நாணய மாற்றுக் கடை. ஊர்ப் பேச்சில் 'மணி சேஞ்சர்'.

இந்தத் தொழிலில் தமிழ் முஸ்லிம்களுக்கு நெடுநாளைய தொடர்பு உண்டு. ராஃபிள்ஸ் பிளேஸுக்கும் கடற்கரைச் சாலைக்கும் நடுவே 'சேஞ்ச் ஆலி' என்று ஒரு குறுகிய சந்து இருந்தது. கப்பலிலிருந்து இறங்கும் மாலுமி முதலில் நுழைவது அங்கேதான். இரண்டு பக்கமும் கடிகாரமும் தோல் பையும் துணியும் விற்பார்கள். நடுநடுவே நம்மவர்கள் நோட்டுக் கட்டுகளோடு உட்கார்ந்திருப்பார்கள். எந்தத் தேசத்து மாலுமியாக இருந்தாலும் அவனுடைய பாஷையில் எண்ணிக் காட்டுவார்களாம்! 1989-ல் அந்தச் சந்து மூடப்பட்டது. கட்டடங்கள் போயின, தொழில் போகவில்லை. (பக்கத்து மார்க்கெட் தெருவில் கிட்டங்கி வைத்திருந்த நம் செட்டியார்களோடு இவர்களைக் குழப்பிக் கொள்ளக் கூடாது. செட்டியார்கள் பணத்தைக் கடனாகக் கொடுத்தவர்கள். இவர்கள் பணத்தைப் பணமாக விற்றவர்கள்.)

சிங்கப்பூர்த் தமிழர்கள் டாலர் என்று சொல்வதில்லை, 'வெள்ளி' என்பார்கள். "அஞ்சு வெள்ளி கொடுங்க" என்று முதன் முறை கேட்டபோது வெள்ளிக் கொலுசுக் கடைக்கு வந்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றிற்று. நிஜமான வெள்ளியின் ஞாபகம்தான் அது. ஒரு காலத்தில் இந்தத் துறைமுகத்தில் புழங்கியவை ஸ்பெயின், மெக்ஸிகோ தேசத்து வெள்ளி நாணயங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி நம் ரூபாயை இங்கே நுழைக்கப் பார்த்தது. கடைவீதிக்காரர்கள் அசைந்து கொடுக்கவில்லை. 1867-ல் கம்பெனி வழி வந்த இந்திய நிர்வாகத்திலிருந்து இந்தக் குடியேற்றங்கள் பிரிந்தபோது ரூபாயும் விடைபெற்றுக் கொண்டது. இன்றைய சிங்கப்பூர் டாலர் பிறந்தது 1967-ல். நோட்டைக் கையில் எடுத்தால் 'சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்தில் இருக்கும். அயல் தேசத்து நோட்டில் நம் எழுத்தைப் பார்க்கும்போது வரும் பெருமிதத்துக்கு எந்தப் பலகையிலும் விலை போடவில்லை!

நான் போய் நின்ற கடையின் சொந்தக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர். பூர்வீகம் நாகப்பட்டினத்துப் பக்கம். வெள்ளைத் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி, பக்கத்தில் ஆறிப் போன தேநீர்.

"வாங்கம்மா. ரூபாயா, வெள்ளியா?"

"இரண்டும் இல்லை பாய். விஷயம் தெரிந்து கொள்ள வந்தேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "விஷயத்துக்கு ரேட் கிடையாதும்மா. கூட்டம் வந்தா மட்டும் கொஞ்சம் ஒதுங்கி நின்னுக்கோங்க" என்றார்.

அன்றைய நிஜ விலையை எழுதினால், இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் அது மாறிவிட்டிருக்கும். ஆகையால் இந்தக் கட்டுரை முழுவதும் ஒரு வெள்ளிக்கு 70 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். இதுதான் 'நடு விலை'. பாங்குகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலை. கைப்பேசியில் தேடினால் ஒரு நொடியில் வந்து நிற்கும். அந்த விலைக்கு உங்களுக்கும் எனக்கும் யாரும் தரமாட்டார்கள். ஆனால் அதைத் தெரிந்து கொள்ளாமல் பணக் கடைப் படியேறுவது, தங்கம் பவுன் என்ன விலை என்று தெரியாமல் நகைக் கடைப் படியேறுவது போல.

பாயின் பலகையில் ரூபாய்க்கு எதிரே இரண்டு எண்கள் இருந்தன. அங்கே கணக்கு நூறு ரூபாய்க்கு. ஒரு பக்கம் 1.41, மறு பக்கம் 1.45. "நாங்க வாங்குறது 1.41. நாங்க விக்கிறது 1.45. இந்த நாலு காசுதாம்மா என் கடை வாடகை, பையன் சம்பளம், வீட்டு அரிசி எல்லாம்" என்றார்.

இங்கேதான் நேயர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். எத்தனையோ இடங்களில் 'கமிஷன் கிடையாது' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். பொய் இல்லை, கமிஷன் கிடையாதுதான். அவர்களுடைய ஆதாயம் அந்த இரண்டு எண்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. பலகையில் இரண்டும் நெருங்கி இருந்தால் கடை நியாயமானது. மாமியாரும் மருமகளும் போல ஆளுக்கொரு கோடியில் நின்றால், வந்த வழியே திரும்பிவிட வேண்டியதுதான்.

ஒரு வேடிக்கைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 70,000 ரூபாயை எடுத்துக் கொண்டு பாய் கடைக்குப் போகிறீர்கள். 987 வெள்ளி கிடைக்கிறது. மனசு மாறி, "வேண்டாம் பாய், ரூபாயாகவே கொடுத்துவிடுங்கள்" என்கிறீர்கள். 68,069 ரூபாய் திரும்பி வரும். ஒன்றும் வாங்காமல் 1,931 ரூபாய் செலவு. இருக்கட்டும். இதையே வெள்ளியை 76 ரூபாய்க்கு விற்று 64 ரூபாய்க்கு வாங்கும் ஒரு கவுண்ட்டரில் செய்து பாருங்கள். 70,000 ரூபாய்க்கு 921 வெள்ளி. திருப்பிக் கொடுத்தால் 58,944 ரூபாய். பதினோராயிரம் ரூபாய் ஆவியாகப் போய்விட்டது. உங்கள் கால் அந்தக் கவுண்ட்டரை விட்டு அசையக்கூட இல்லை!

இது வெறும் கணக்குப் பாடம் அல்ல. விமானத்தில் எனக்குப் பக்கத்து ஆசனத்தில் மன்னார்குடிப் பக்கத்துப் பெரியம்மா ஒருவர் வந்தார். மகளுக்குப் பிரசவம், பேறு பார்க்கப் புறப்பட்டவர். இரண்டு பசு மாடு வைத்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றி, வருஷக் கணக்கில் சேர்த்த 25,000 ரூபாயை ஒரு மஞ்சள் பையில் கொண்டு வந்திருந்தார். பேரக் குழந்தைக்கு அரைஞாணும் காப்பும் வாங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. புறப்பட்ட விமான நிலையத்திலேயே, "உள்ளே போய்ட்டா மாத்த முடியாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அத்தனையையும் ஒரு கவுண்ட்டரில் கொடுத்து மாற்றிவிட்டார். சேவைக் கட்டணம், வரி எல்லாம் போக அவர் கைக்கு வந்தது, நம் கணக்குப்படி, 326 வெள்ளி.

செரங்கூன் ரோட்டில் மறுபடி அவரைச் சந்தித்தேன். மருமகப் பிள்ளையோடு நகைக் கடை வாசலில் நின்று கொண்டிருந்தார். பேச்சு வாக்கில் பாய் கடைப் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இங்க குடுத்திருந்தா எவ்வளவும்மா வந்திருக்கும்?" என்று கேட்டார். மழுப்பிப் பார்த்தேன், விடவில்லை.

"352 வெள்ளி, பெரியம்மா."

"அப்ப இருபத்தாறு வெள்ளி போச்சு. ரூபாயில?"

"1,820 ரூபாய்."

அவர் விரல்களை மடக்கி ஏதோ எண்ணினார். "லிட்டரு நாப்பது ரூபான்னு வெச்சாக்கூட நாப்பத்தஞ்சு லிட்டருக்கு மேல பாலு" என்றார். அவ்வளவுதான்; மேற்கொண்டு பேசவில்லை. நகைக் கடைக்குள் போய்க் காப்பை மட்டும் எடை போடச் சொன்னார். அரைஞாணைப் பார்த்தார், கீழே வைத்துவிட்டார்.

அந்தப் பெரியம்மாவுக்கு யாராவது ஒருவர் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். இந்தியாவில் வசிப்பவர் நேபாளம், பூட்டான் தவிர மற்ற தேசங்களுக்குப் போகும்போது, 25,000 ரூபாய் வரைக்கும் நம் நோட்டையே கையில் கொண்டு போகலாம் என்று ரிசர்வ் பாங்கு அனுமதித்திருக்கிறது. அவர் பையில் இருந்தது சரியாக அந்தத் தொகைதான். போகிற இடத்தில் ரூபாயைக் கேட்பார் இல்லை என்றால் இது உபயோகப்படாது. ஐரோப்பாவில் ஒரு கிராமத்தில் காந்தித் தாத்தா படம் போட்ட நோட்டை நீட்டினால் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். ஆனால் சிங்கப்பூரில் ரூபாய் விற்பவரும் வாங்குபவரும் தினம் தினம் வந்து கொண்டே இருக்கிறார்கள். எங்கே சரக்குப் புரளுகிறதோ அங்கே விலை நெருங்கும். காய்கறி மார்க்கெட்டிலும் அதே நியாயம்தானே!

"ஆனா ரூபாய்லேயும் அடி வாங்கியிருக்கோம்மா" என்றார் பாய். 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்ததே, அந்தக் கதை. அன்று சாயங்காலம் வரை அவர் பெட்டியில் சரக்காக இருந்த கட்டுகள், மறுநாள் காலையில் தலைவலியாக மாறியிருந்தன. 2023 மே மாதம் 2000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறப் போவதாகச் சொன்னபோது அவர் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லையாம். அந்த நாலு காசு இடைவெளிக்குள் இப்படிப்பட்ட பயமும் அடங்கியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இன்னும் இரண்டொரு விஷயம் சொன்னார். பெரிய தொகையாக இருந்தால், "கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்" என்று தாராளமாகக் கேட்கலாம். தவறாக நினைக்க மாட்டார்கள். கிழிந்தது, மை பட்டது, எழுதியது என்றால் விலை குறையும். சில சமயம் வாங்கவே மாட்டார்கள். அதனால் அமெரிக்க டாலர் நோட்டை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் திணிக்க வேண்டாம். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் லைசென்ஸ் இல்லாமல் அங்கே யாரும் இந்தத் தொழில் செய்யக் கூடாது. ரசீதைக் கேட்டு வாங்கிக் கொள்ள வேண்டும். எண்ணிக் கொடுத்ததை ஜன்னலை விட்டு நகராமலே நாமும் எண்ண வேண்டும். "கூச்சப்பட வேண்டாம்மா. எங்க கண்ணு முன்னாடி எண்ணினாத்தான் எங்களுக்கும் நிம்மதி" என்றார்.

அப்படியானால் நோட்டாகவே கொண்டு போய்விடலாமா? கழுத்தில் மாலை போல் பணப்பையைத் தொங்கவிட்டுக் கொண்டு ஊர் சுற்றுவது யாருக்குச் சுகம்? அதனால்தான் இப்போது எல்லோர் கையிலும் கார்டு. அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. இது படித்தவர்களை, அதுவும் இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர்களைப் பிடிக்கும் கண்ணி!

சிங்கப்பூருக்குப் போனவர் கோடாலித் தைலம் வாங்காமல் திரும்பினால் உறவு முறிந்துவிடும் அல்லவா? தைலம், சாக்லேட், குழந்தைகளுக்கு இரண்டு சட்டை என்று ஒரு பெரிய கடையில் 200 வெள்ளிக்கு பில் ஆகிறது. கார்டைக் கொடுக்கிறீர்கள். கடைப் பெண் சின்ன இயந்திரத்தை உங்கள் பக்கம் திருப்பி, "ரூபாயில் கட்டுகிறீர்களா, சிங்கப்பூர் டாலரிலா?" என்று இனிமையாகக் கேட்கிறாள். திரையில் இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 200 வெள்ளி. இன்னொன்றில் 15,000 ரூபாய். அடடா, நம் ரூபாயிலேயே காட்டுகிறதே, கணக்குப் புரிகிறதே என்று மனசு குளிர்ந்து ரூபாயை அழுத்துகிறோம்.

அழுத்தக் கூடாது! அந்த 15,000 என்பது வெள்ளிக்கு 75 ரூபாய். அந்த விலையை நிர்ணயித்தது உங்கள் பாங்கு அல்ல. இயந்திரத்துக்குப் பின்னால் இருப்பவர்கள். வெள்ளியிலேயே கட்டியிருந்தால் கார்டுக் கம்பெனியின் விலை நடு விலைக்கு மிக அருகில், சுமார் 14,000 ரூபாய் ஆகியிருக்கும். அதன் மேல் உங்கள் பாங்கு அந்நியச் செலாவணிக் கட்டணம் போடும். பல கார்டுகளுக்கு அது 2 முதல் 3.5 சதவீதம். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உச்சக் கட்டணமாகவே பார்த்தாலும் 14,578 ரூபாயோடு முடியும். போதாததற்கு, வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் கட்டினாலும் தனியாக ஒரு கட்டணம் பிடிக்கும் பாங்குகள் உண்டு. ரூபாயில் கட்டி, ரூபாய்க்கும் தண்டம் கட்டுவது! ஆகையால் எந்தத் தேசத்துக்குப் போனாலும் இயந்திரம் கேட்டால் ஒரே பதில்தான்: அந்தத் தேசத்துப் பணம். ஜப்பானில் யென், பாரிஸில் யூரோ, சிங்கப்பூரில் வெள்ளி. கடைப் பெண் நம்மைக் கேட்காமலே ரூபாயை அழுத்திவிட்டால், அதை ரத்து செய்து மறுபடி போடச் சொல்ல நமக்குப் பாத்தியதை உண்டு. கையெழுத்துப் போடும் முன் ரசீதில் எந்தப் பணம் என்று பார்த்தால் போதும்.

ஏ.டி.எம். இயந்திரமும் இதே கேள்வியைக் கேட்கும். 'எங்கள் விலையை ஏற்றுக் கொள்கிறீர்களா?' என்று மரியாதையாகக் கேட்கும். 'மாட்டேன்' என்று அழுத்தினால் கோபித்துக் கொண்டு பணம் தராமல் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். உங்கள் பாங்கின் விலைக்கே தரும். ஒவ்வொரு தடவை எடுப்பதற்கும் தனித் தனிக் கட்டணம் உண்டாகையால், தினம் ஐம்பது வெள்ளி எடுப்பதைவிட ஒரே தடவையாக எடுப்பது லாபம். கிரெடிட் கார்டில் மட்டும் ரொக்கம் எடுக்காதீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

பிரயாணக் கார்டு என்று ஒன்று இருக்கிறது. புறப்படும் முன்பே அயல் பணத்தை அதில் நிரப்பிக் கொள்ளலாம். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் போகிற தேசத்துப் பணத்தையே நிரப்ப வேண்டும். அமெரிக்க டாலரை நிரப்பிக் கொண்டு சிங்கப்பூரில் தேய்த்தால், ரூபாய் டாலராகி, டாலர் வெள்ளியாகி, இரண்டு ஆற்றைக் கடந்த கதையாகும். ஆற்றுக்கு ஒரு சுங்கம்.

ஊரிலேயே மாற்றிக் கொண்டு போகிறவர்கள் புறப்படும் நாளன்று ஓடாமல், ஒரு வாரம் முன்பே இரண்டு மூன்று இடங்களில் விசாரிக்க வேண்டும். ரிசர்வ் பாங்கு அனுமதி பெற்ற இடமா என்று பார்த்துக் கொள்ளுங்கள். டெலிபோனில் விலை கேட்டால் சொல்வார்கள். கேட்கும் விதம் ஒன்று உண்டு. "என்ன ரேட்?" என்று கேட்காதீர்கள். "என்னிடம் இத்தனை ரூபாய் இருக்கிறது. கட்டணம், வரி எல்லாம் போக என் கையில் எத்தனை வெள்ளி வரும்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில் ஒளிந்திருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். 50,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால்தான் ரொக்கம் கொடுத்து வாங்கலாம். அதற்கு மேல் பாங்கு மூலமாகத்தான். நோட்டாக எடுத்துப் போவதற்கு, பெரும்பாலான தேசங்களுக்கு, 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைக்கும்தான் அனுமதி. மிச்சத்தைக் கார்டில்தான் கொண்டு போக வேண்டும். எட்டு டாலரைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு சீமைக்குக் கப்பல் ஏறிய நம் தாத்தாக்கள் இதைக் கேட்டால் மூக்கின் மேல் விரல் வைப்பார்கள்.

ஆனால், இந்த வித்தையெல்லாம் கரைத்துக் குடித்தவர்களைப் பார்க்க வேண்டுமானால் செரங்கூன் ரோட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வர வேண்டும்.

வார நாள் முழுவதும் கட்டட வேலையிலும் கப்பல் பட்டறையிலும் இருக்கும் நம் பிள்ளைகள் அன்றைக்குத்தான் வெளியே வருவார்கள். தேக்காவிலிருந்து கோயில் வரைக்கும் நடைபாதையில் இடம் இருக்காது. தமிழ்நாட்டு மாவட்டங்கள் அத்தனையின் பேச்சும் காதில் விழும். சாப்பாட்டுக் கடையைவிடக் கூட்டம், ஊருக்குப் பணம் அனுப்பும் கடையில். இந்தக் கடைக்கும் பாய் கடைக்கும் வித்தியாசம் உண்டு. பாய் நோட்டுக்கு நோட்டு கொடுப்பார். இவர்கள் இங்கே வெள்ளியை வாங்கிக் கொண்டு அங்கே பாங்குக் கணக்கில் ரூபாயாகச் சேர்ப்பார்கள்.

வரிசையில் நின்ற ஓர் இளைஞனோடு பேச்சுக் கொடுத்தேன். ஊர் அரியலூர்ப் பக்கம். வயது இருபத்தாறு இருக்கலாம்.

"எதிர்த்த கடையில் ரேட் அதிகமாகப் போட்டிருக்கிறதே தம்பி? இங்கே ஏன் நிற்கிறாய்?"

"அங்க 69 ரூபா 60 பைசா. ஆனா அனுப்புற கூலி ஆறு வெள்ளி அக்கா. இங்க 69 ரூபா 10 பைசா, கூலி இல்ல. நான் அனுப்பறது எண்ணூறு வெள்ளி. அங்க ஆறு வெள்ளி போனா 55,262 தான் வீட்டுக்குப் போகும். இங்க 55,280. பதினெட்டு ரூபா கூட."

காகிதம் இல்லை, பென்சில் இல்லை. மனக் கணக்கு!

"ஆயிரத்து ஐந்நூறு அனுப்பினால்?"

"அப்ப அந்தக் கடைதான் லாபம். முந்நூறு ரூபாய்க்கு மேல கூட வரும்" என்றான். பிற்பாடு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 332 ரூபாய் வித்தியாசம். "அப்படியானால் இரண்டு மாதச் சம்பளத்தைச் சேர்த்து அனுப்பலாமே? அதற்குள் ரேட்டும் ஏறலாமே?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. "வட்டி ஓடுது அக்கா. இங்க வர்றதுக்கு மூணு லட்சம் கடன். ரெண்டு வட்டி. இந்த ஐம்பத்தையாயிரத்துக்கு மட்டும் நாளைக்கு முப்பத்தேழு ரூபா வட்டி. வெள்ளிக்குப் பத்துப் பைசா ஏறினா எனக்கு எண்பது ரூபா. ரெண்டு நாளுக்கு மேல காத்திருந்தா நஷ்டம். ரேட்டுக்கு நாம காத்திருக்கலாம், வட்டி காத்திருக்குமா?"

நடு விலை, இடைவெளி என்றெல்லாம் நான் இரண்டு நாளாகக் குறித்து வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தை மெதுவாகப் பைக்குள் போட்டுக் கொண்டேன்.

இப்போது கைப்பேசியிலேயே அனுப்பும் வசதிகள் வந்துவிட்டன. 2023 பிப்ரவரி 21-ஆம் தேதி முதல் சிங்கப்பூரின் 'பே நவ்'வும் நம் யு.பி.ஐ.யும் இணைக்கப்பட்டிருக்கின்றன. இரு பக்கமும் இதில் சேர்ந்த பாங்குகளில் கணக்கு இருந்தால், நம்பரைத் தட்டிய சில நொடியில் பணம் போய்ச் சேரும். அந்தப் பையனும் கைப்பேசியில் மூன்று விலைகளைத் திறந்து வைத்து ஒப்பிட்டுக் கொண்டுதான் நின்றான். நம் வீடுகளில் சிங்கப்பூரிலிருந்து மாதா மாதம் பணம் வாங்கும் தாய்மார்கள் இதை மனசில் வைத்துக் கொள்ள வேண்டும். பாங்கில் வந்து விழும் 55,280 ரூபாயில் அந்தக் கடைசி 18 ரூபாய், ஒரு பிள்ளை லீவு நாளில் வெயிலில் வரிசை மாறி நின்று மிச்சம் பிடித்தது.

பிரயாணம் முடிந்து கையில் வெள்ளி மிஞ்சினால் என்ன செய்வது? நோட்டானால் அங்கேயே மாற்றுவதா, கொண்டு வருவதா என்று பலகையைப் பார்த்து முடிவு செய்யலாம். மறுபடி போகிற உத்தேசம் இருந்தால், 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைக்கும் வீட்டிலேயே வைத்துக் கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்கு மேற்பட்டதைத் திரும்பி வந்த 180 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். புருணை தேசத்து நோட்டு சில்லறையாக வந்துவிட்டால் திகைக்க வேண்டாம். 1967-ல் செய்த ஒப்பந்தப்படி அதுவும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று சமம், அங்கேயே செலவழித்துவிடலாம். ஊருக்குக் கொண்டு வந்தால்தான் அதற்கு ஆள் தேட வேண்டியிருக்கும்.

நாணயச் சில்லறையைப் பாய் உள்பட யாரும் மாற்றித் தரமாட்டார்கள். அதைத் தேக்காவிலேயே ஒரு தே தாரிக் குடித்துத் தீர்த்துவிடுவது உத்தமம். இரண்டொன்றை மட்டும் குழந்தைகளுக்காக எடுத்து வையுங்கள். ஒரு வெள்ளிக் காசில் மெர்லயன் சிங்கமும், இருபது காசில் சாங்கி விமான நிலையமும், பத்துக் காசில் அடுக்குமாடி வீடுகளும் இருக்கின்றன. என் பக்கத்து வீட்டுப் பொடியன் பத்துக் காசை வாங்கி இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதிலே நம்ம ஃப்ளாட் எது, ஆன்ட்டி?" என்று கேட்டான்.